சாந்து பூசாத சுவர்கள் தாங்கும் பாதை: சிங்குவே தெர்ரே

இத்தாலியின் வடமேற்கில், லிகூரியா கடற்கரையில், மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மணற்கரை என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையில் இந்தச் செங்குத்துச் சரிவின் மடிப்புகளில் ஐந்து சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: மொன்தெரொஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்தையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் சிங்குவே தெர்ரே. ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். இவற்றை இணைக்கும் மலைப்பாதைகள் இன்று உலகெங்கிலுமிருந்து நடைப்பயணிகளை இழுக்கின்றன. ஆனால் இவை உல்லாச நடைக்காகப் போட்ட பாதைகள் அல்ல. திராட்சை பயிரிட்டவர்கள் நிலத்துக்குப் போகவும், கூடையைத் தூக்கி வரவும், பொதி ஏற்றிய கோவேறு கழுதையை ஓட்டிச் செல்லவும் அமைத்த வழிகள் அவை. அந்த வேளாண்மையைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பாதைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

கடற்கொள்ளையரின் அச்சம் குறையத் தொடங்கிய 11-ஆம் நூற்றாண்டு வாக்கில், மேட்டில் ஒதுங்கி வாழ்ந்த மக்கள் கரையை நோக்கி இறங்கினார்கள். அங்கே சமதளம் இல்லை. அதை அவர்களே உண்டாக்கினார்கள். இங்குள்ள மலை மணற்கல்லும் களிமண் பாறையும் அடுக்கடுக்காக அமைந்தது. அந்த மணற்கல்லை உடைத்து, பெரிய துண்டுகளைச் சுவராக அடுக்கி, சிறியவற்றைச் சுவரின் பின்னே கொட்டி, மிஞ்சிய பொடியை மண்ணோடு கலந்து மேலே பரப்பினார்கள். ஒரு தட்டு முடிந்தால் அதற்கு மேலே இன்னொரு தட்டு. இப்படிக் கடலோரத்திலிருந்து முகடு வரை ஏறிப்போகும் நிலப்படிகள் உருவாயின. உள்ளூர் மக்கள் இந்தத் தட்டை ‘சியான்’ என்பார்கள். பல தட்டுகள் நாலைந்து கொடி வரிசைக்குத்தான் போதும் என்ற அளவுக்கு ஒடுக்கமானவை.

சுவர் கட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்போ சிமென்டோ இதில் கிடையாது. முதலில் கெட்டித் தரை வரும்வரை தோண்டி, இருப்பதிலேயே பெரிய கற்களை அடியில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் நீளப் பக்கமும் மலைக்குள் போக வேண்டும். அகலப் பக்கத்தை அழகுக்காக வெளியே காட்டினால் அந்தக் கல் நாளடைவில் நழுவிவிடும். கீழ் வரிசையில் இரு கற்கள் சேரும் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. நம்மூர்க் கொத்தனார் செங்கல் வைக்கும்போது பார்க்கும் அதே கணக்குதான். சுவர் நிமிர்ந்து நிற்காமல் உயர உயர மலையை நோக்கிச் சற்றே சாய வேண்டும். கல் ஆடினால் இடுக்கில் சிறு சில்லைத் தட்டி இறுக்குகிறார்கள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழமோ அதற்கு மேலோ வெறும் சிறுகல் நிரப்பு இருக்கும். சுவரின் உயிர் இந்த நிரப்பில்தான் இருக்கிறது. மழைநீர் அதில் இறங்கி, முகப்புக் கற்களின் இடைவெளி வழியே கசிந்து வெளியேறிவிடும். சாந்து பூசிய சுவராக இருந்தால் நீர் பின்னால் தேங்கி, அதன் பாரமே சுவரைத் தள்ளிவிடும்.

நடைபாதை பெரும்பாலும் இந்தச் சுவரின் தலையில்தான் போகிறது, அல்லது அதன் அடியை ஒட்டிப் போகிறது. நடப்பவரின் ஒரு தோளில் கல்சுவர் உரசும். மறுபக்கம் காலடியில் அடுத்த தட்டின் கொடிப்பந்தல் இருக்கும், அதற்கும் கீழே கடல். ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற, சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் கற்களைப் படியாக விட்டிருப்பார்கள். சரிவு மிகுந்த இடங்களில் பாதை வளைந்து நெளிந்து போகாமல் படிக்கட்டாக நேரே ஏறும், ஏனென்றால் வளைவு எடுக்கும் ஒவ்வொரு அடி நிலமும் கொடிக்குப் போகும் நிலம். முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் ஏறுபவருக்கு இந்தக் காரணம் தெரிந்திருந்தால் படிகள்மீது மரியாதை வரும்.

பாதைகளில் இரண்டு முதன்மையானவை. கடலை ஒட்டி ஐந்து ஊர்களையும் கோக்கும் ‘நீலப் பாதை’ ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ளது. தூரம் குறைவுதான். ஆனால் வெர்னாட்ஸாவுக்கும் மொன்தெரொஸ்ஸோவுக்கும் இடையே உள்ள மூன்றரை கிலோமீட்டருக்கே இரண்டு மணி நேரம் ஆகும். கொர்னீலியாவுக்கும் வெர்னாட்ஸாவுக்கும் நடுவில் பாதை கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கொர்னீலியா மட்டும் கடலைத் தொடாத ஊர். சுமார் 100 மீட்டர் உயரப் பாறைமேல் இருக்கிறது. ரயிலடியிலிருந்து ஊருக்குப் போக முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

மற்றொன்று முகட்டுப் பாதை. போர்த்தோவேனரேயிலிருந்து லெவந்தோ வரை, 35 கிலோமீட்டருக்கு மேல், மலையின் முதுகெலும்பிலேயே ஓடுகிறது. 815 மீட்டர் உயரமுள்ள மால்பெர்த்தூசோ மலைதான் இப்பகுதியின் உச்சி. கடற்கரைப் பாதையில் இருக்கும் கூட்டம் இங்கே இராது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வோர் ஊருக்கும் மேலே மலையில் ஒரு மாதா கோயில் உண்டு. திருவிழா நாளில் ஊரார் ஏறிச்செல்லும் வழிகளும் நடைபாதைகளாக இணைந்துள்ளன. எல்லாம் சேர்ந்து 120 கிலோமீட்டருக்குக் குறையாது. 1863-இல் தொடங்கிய இத்தாலிய மலையேற்றக் கழகத்தின் சிவப்பு–வெள்ளைப் பூச்சுக் குறி பாறையிலும் மரத்திலும் சுவரிலும் வழிகாட்டுகிறது. பக்கத்தில் பாதையின் எண் எழுதியிருக்கும்.

உயரம் மாற மாற தாவரமும் மாறுகிறது. கடலோரப் பாறைகளில் காட்டு ரோஸ்மேரியும் மிர்ட்டிலும் மணக்கும். அங்கே கவனிக்கத்தக்க செடி ஒன்று உண்டு. நம்மூர்க் கள்ளிகளின் பேரினத்தைச் சேர்ந்த மரக்கள்ளி. கிளை ஒடிந்தால் அதே பால் வடியும். மத்தியதரைக் கடற்கரையில் கோடைதான் வறட்சிக் காலம், மழை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்யும். அதனால் இந்தச் செடி கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, மழை தொடங்கியதும் துளிர்க்கிறது. சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் இங்கே ஏராளம், ஆனால் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மேலே போனால் பைன், ஓக், அதற்கும் மேலே செஸ்ட்நட் காடு.

1874-இல் ரயில் வந்தது. மலையைக் குடைந்து போட்ட பாதை என்பதால் பயணி ஊருக்கு ஊர் சுரங்கத்துக்குள்ளேயே போகிறார். கடல் கண்ணில் மின்னி மறையும். 1920-களில் ரயில் வேலைக்கான வெடிமருந்தை ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதற்காக ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே கடற்பாறையில் வெட்டிய வழிதான், இரு ஊர் இளசுகளும் சந்திக்கும் இடமாகிப் பின்னர் ‘காதல் பாதை’ என்று பெயர் பெற்றது. நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தட்டையானது, ஆகவே எல்லோரும் நடக்கக்கூடியது. 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நான்கு பயணிகள் காயமடைந்ததால் மூடப்பட்டது. மேலுள்ள பாறையை எஃகு வலையாலும் நங்கூரக் கம்பிகளாலும் கட்டிப்போட்ட பிறகு, 2024-இல்தான் முழுமையாகத் திறந்தது.

இந்த மலையில் நிகழும் மண்சரிவுகளைத் தற்செயல் விபத்துகள் என்று விட்டுவிட முடியாது. 1869-இல் லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளம் திறந்ததும், ரயில் வந்ததும் ஊராரின் கைகளை வேறு வேலைக்கு இழுத்தன. அதன் பிறகு சுற்றுலா வந்தது. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சை நிலம் இன்று நூறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கொடியைப் பார்க்க ஆளில்லாத தட்டில் சுவரைப் பார்க்கவும் ஆளில்லை. முதலில் ஒரு கல் நழுவும். பிறகு சுவர் நடுவில் வயிறு தள்ளும். காட்டுப்பன்றி கிழங்கு தேடி மண்ணைக் கிளறிக் கற்களை உருட்டும். நிரப்பில் மண் அடைத்து நீர்வழி மூடிக்கொள்ளும். அடுத்த பெருமழையில் அந்தச் சுவர் கீழ்ச் சுவர்மேல் விழும், அது அதற்கும் கீழே உள்ளதன்மேல் விழும்.

2011 அக்டோபர் 25-ஆம் தேதி அப்படிப்பட்ட மழை பெய்தது. சூடான கடலிலிருந்து எழுந்த ஈரக்காற்று கரையை ஒட்டியே நிற்கும் மலையில் மோதி, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. ஓடைகள் பெருகி, மண்ணும் கல்லும் மரமும் வெர்னாட்ஸா, மொன்தெரொஸ்ஸோ தெருக்கள் வழியே கடலை நோக்கிப் பாய்ந்தன. வெர்னாட்ஸாவில் கடைகளின் வாசல்கள் சேற்றுக்குள் மூழ்கின. இரண்டு ஊர்களிலும் உயிர்கள் போயின. நன்றாகப் பேணப்பட்ட தட்டுகளைவிட, அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட தட்டுகளே அதிகம் சரிந்தன. வெகுகாலம் முன்பே காடாகிவிட்ட நிலத்தில் வேர்களாவது மண்ணைப் பிடிக்கும். கொடி போய் மரமும் வளராத இடைக்காலம்தான் ஆபத்தானது.

இந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது; 1999-இல் தேசியப் பூங்கா அமைந்தது. சாந்தில்லாக் கற்கட்டுக் கலையும் 2018-இல், இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில், யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்ததால் சுவர் தானாக எழுந்துவிடாது. இளைஞர்களைக் கூட்டி, வயதான கைகளைக் கொண்டு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளே பெரிய காரியம். மனரோலாவின் மேற்சரிவில் அவ்வாறு பல தட்டுகளை மீட்டிருக்கிறார்கள். சரிந்த சுவரின் கல்லே புதுச் சுவருக்கும் போதும் என்பதால் வெளியிலிருந்து பொருள் வர வேண்டியதில்லை, ஆள்தான் வேண்டும்.

நடக்க ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும் செப்டம்பரும். ஜூலை, ஆகஸ்டில் நிழலில்லாத கற்பாதை அடுப்புபோலக் கொதிக்கும். அக்டோபர், நவம்பரில் மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். நீலப் பாதையின் முக்கியப் பகுதிகளுக்குக் கட்டணச் சீட்டு உண்டு. அந்தப் பணத்தின் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகிறது. ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் ஏறினால் அபராதம். சுவரின் தலைக்கல்மேல் உட்காருவதும் குறுக்குவழிக்காகச் சுவர் ஏறி இறங்குவதும் கூடாது; தலைக்கல் அசைந்தால் கீழிருக்கும் வரிசைகள் பிடிப்பு இழக்கும்.

ஐந்து ஊர்களின் பழைய முகத்தைக் காண விரும்புபவர் மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாகக் கொர்னீலியாவுக்குப் போகும் மேற்பாதையில் நடக்க வேண்டும். படிகளில் 300 மீட்டருக்கு மேல் ஏறியதும் பாதை திராட்சைத் தட்டுகளின் ஊடாகவே சமமாகச் செல்கிறது. செப்டம்பர் அறுவடையில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்டி உறுமிக்கொண்டு, ஏணிபோல் நிற்கும் சரிவில் ஏறி வரும். முன்னே ஓர் ஆள் உட்கார இருக்கை, பின்னே திராட்சைப் பெட்டிகள். பற்சக்கரம் தண்டவாளத்தின் பற்களைக் கவ்விப் பிடிப்பதால் அது வழுக்காது. முன்பு முதுகிலும் தலையிலும் சுமந்ததை இப்போது அது சுமக்கிறது. வண்டி போகாத தட்டுகளில் இன்றும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தத் திராட்சையில் பொறுக்கியெடுத்த குலைகளை நிழலில் நவம்பர் வரை உலர்த்தி, சுருங்கிய பழத்திலிருந்து ‘ஷாக்கெத்ரா’ என்னும் இனிப்பு ஒயினைப் பிழிகிறார்கள். எதிரே பெட்டியோடு ஒருவர் வந்தால் நடப்பவர் சுவர்ப்பக்கம் ஒதுங்கி வழி விடுவது இங்கே வழக்கம்.