நீர் ஓடும் குழாய் நடுங்குவது ஏன்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். 1957-இல் சுரங்க வேலை தொடங்கி, 1961-இல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டதற்கு இந்த நீரை அடக்கியதே முக்கிய காரணம். அங்கே பம்புகள் இரவு பகலாக ஓடவேண்டும்; குழாய்களும் உடையாமல் நிற்கவேண்டும். ஆகவே, குழாய் ஏன் நடுங்குகிறது என்று அறிவது அவசியமாகிறது.

இரு தாங்கிகளின் மேல் கிடக்கும் குழாய் ஒன்றை எண்ணிக் கொள்வோம். அது நடுவில் சிறிது வளைகிறது. உள்ளே ஓடும் நீரும் அவ்வளைவில் திரும்பியாக வேண்டும். வளைவில் திரும்பும் பேருந்தில் நாம் வெளிப்புறமாகச் சாய்கிறோம் அல்லவா? அதுபோல நீரும் குழாயை வெளிப்புறமாகத் தள்ளி, வளைவை மிகுதியாக்க முயல்கிறது. குழாயின் விறைப்போ அதை நேராக்க முயல்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் இத்தள்ளுவிசை நான்கு மடங்காகும். விறைப்பு முற்றிலும் தோற்கும் வேகத்தை மாறுநிலை வேகம் என்பர். இதில் பாதி வேகத்தில் நீர் ஓடினாலே குழாயின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்துவிடும்.

அரேபிய எண்ணெய்க் குழாய்த்தொடரின் அதிர்வைப் பற்றி ஆஷ்லி, ஹாவிலண்ட் என்போர் 1950-இல் ஆராய்ந்தனர். 1952-இல் ஹவுஸ்னர் இக்கணக்கைச் சீர்படுத்தினார்.

எஃகுக் குழாய்க்கு இந்த ஆபத்து உண்டா? 20 சென்டிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாயை 6 மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்துக் கிடத்தினால், மாறுநிலை வேகம் வினாடிக்குச் சுமார் 190 மீட்டர். நீரோ வழக்கமாக 2, 3 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். எனவே நீரோட்டம் மட்டுமே இக்குழாயை வளைத்துவிடாது.

ஆபத்து வேறு வழியில் வருகிறது. நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் பம்பு, வினாடிக்கு 25 முறை குழாயை உலுக்கக்கூடும். மேற்சொன்ன குழாய் நீர் நிரம்பிய நிலையில் வினாடிக்குச் சுமார் 11 முறை அதிரும் இயல்புடையது. பாதுகாப்பு கருதித் தாங்கிகளை 4 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கினால் இது 26 ஆகிவிடும். பம்பின் உலுக்கலும் குழாயின் இயல்பும் ஏறத்தாழ ஒன்றாகிவிட, ஒத்ததிர்வு ஏற்படும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவது போன்றது இது. நாளடைவில் பற்றவைத்த இணைப்புகளில் விரிசல் காணும். 3 மீட்டருக்கு ஒன்று வைத்தாலோ அதிர்வெண் 46 ஆக உயர்ந்து அபாயம் நீங்கும். தாங்கிகளை வெறுமனே கூட்டுவது போதாது, கணக்கிட்டுக் கூட்டவேண்டும்.

ஒரு முனை கட்டற்று இருந்தால் நிலைமை வேறு. மெல்லிய ரப்பர்க் குழாயைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, மறுமுனையைத் தொங்கவிடுங்கள். நீரை மெல்லத் திறந்தால் குழாய் அசையாது. முழுவதும் திறந்தால் பாம்புபோல் நெளிந்து துள்ளும். முனைக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டால் அடங்கும். தீயணைப்பு வீரர்கள் குழாயின் முனையை இறுகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.