சோடா விற்ற சிறுவன்
கோல் அடித்துப் புகழ்பெற்ற ஐ. எம். விஜயனின் வாழ்வும் மன்னார் இளைஞருக்கு அது தரும் பாடமும்

மன்னார்க் கரையோரக் கிராமங்களில் மாலைப் பொழுது வந்துவிட்டால் உதைபந்தும் வந்துவிடும். தீவிலுள்ள பேசாலையிலும் பள்ளிமுனையிலும் தலைமன்னாரிலும், பெருநிலக் கரையிலுள்ள வங்காலையிலும் இவ்விளையாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டுக் கிடைப்பதும் அரிது. விலையுயர்ந்த மட்டை வேண்டாம். சீமெந்துத் தளம் வேண்டாம். ஒரு பந்தும், பத்துத் தோழரும், பரந்த மணல்வெளியும் இருந்தாற் போதும்.

இவ்வாறு ஆடும் பிள்ளைகளுள், எதிரணியின் காவலை ஊடறுத்துச் சென்று கோல் அடிப்பதில் வல்லவன் ஒருவன் ஒவ்வோர் ஊரிலும் இருப்பான். ஊரார் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். ஆனால், வீட்டிலே அவனைப் பெற்றவர்களின் உள்ளத்தில் எழும் கேள்வி வேறு. இந்தக் கால்களை நம்பி இவன் சீவிக்க முடியுமா என்பதே அக்கேள்வி.

அதற்கு விடை கூறத்தக்க வாழ்க்கை ஒன்று பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தையும் கடந்து, கேரளத்துத் திருச்சூரில் தொடங்கியது. இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரென எண்ணப்படும் ஐ. எம். விஜயனின் வாழ்க்கையே அது. ‘திமிரு’, ‘பிகில்’ ஆகிய தமிழ்ப் படங்களில் அவரை நடிகராகக் கண்டவர் பலர். திரையில் தோன்றுமுன் அவர் நடந்து வந்த பாதையை அறிந்தவர் சிலரே.

பத்துப் பைசா வாழ்க்கை

1969ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி மிக எளிய குடும்பம் ஒன்றிலே விஜயன் பிறந்தார். தந்தையார் விபத்தொன்றில் இறந்தபின் குடும்பத்தின் வறுமை மேலும் கடுமையாயிற்று. படிக்க வேண்டிய வயதில் உழைக்க வேண்டிய நிலை. திருச்சூர் நகர மைதானத்தில் போட்டிகள் நடைபெறும் நாட்களில், ஒரு போத்தல் பத்துப் பைசாவாகச் சோடா விற்றார் அச்சிறுவர்.

வறுமை அவரை மைதானத்தின் வாசலுக்குக் கொண்டு சென்றது. ஆர்வம் அவரை அதன் உள்ளே கொண்டு சென்றது. வெறுங்காலுடன் பழகிய ஆட்டத்தைப் பயிற்சியாளர்கள் கவனித்தனர். முறையான பயிற்சி கிடைத்தது. பதினேழாவது வயதிலேயே கேரளப் பொலிஸ் அணியில் ஆடும் வாய்ப்பும் வந்தது. நாளடைவில் அவ்வாய்ப்பே உத்தியோகமாக மலர்ந்தது.

அக்காலத்துக் கேரளப் பொலிஸ் அணி சாதாரணமானதன்று. வி. பி. சத்தியன், சி. வி. பாப்பச்சன், ஷரபலி முதலிய வீரர்கள் அதில் ஆடினர். 1990ஆம் ஆண்டு, இந்தியக் கழகங்களின் பெரும் போட்டிகளுள் ஒன்றான பெடரேஷன் கிண்ணத்தை அவ்வணி கோவாவின் சல்கோகர் அணியை வென்று கைப்பற்றியது. இறுதியாட்டம் நடைபெற்ற இடம் திருச்சூர். எந்த ஊரில் சோடாப் போத்தல்களைச் சுமந்து திரிந்தாரோ, அதே ஊரில் வெற்றி வீரராக நின்றார் விஜயன். மறு ஆண்டும் அக்கிண்ணம் கேரளப் பொலிஸுக்கே கிடைத்தது.

முன்கள வீரரின் கலை

கோல் அடிப்பவர் எதிரணியின் எல்லைக்குள் நின்று, வரும் பந்தை உதைப்பவர் மாத்திரமே என எண்ணுவோர் உளர். அது சரியன்று. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் முன்கள வீரரின் காலில் பந்து இருக்கும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் பந்தின்றியே ஆட வேண்டியவர். தம்மைக் காக்கும் வீரரின் பார்வையிலிருந்து நழுவ வேண்டும். வெற்றிடத்தைக் கண்டு ஓட வேண்டும். ஆனால், தோழர் பந்தை அனுப்புமுன் எல்லை கடந்து ‘ஓப்சைட்’ ஆகிவிடவும் கூடாது. பந்து வந்து சேர்ந்தபின் அதை அடக்கித் திரும்பி அடிக்க அவருக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரமே.

இக்கலையில் விஜயன் தேர்ந்தவர். மார்பிலோ தொடையிலோ பந்தைத் தாங்கி, அது நிலத்தைத் தொடுமுன் உதைத்துவிடும் ஆற்றலும், இரு வீரர் நடுவே புகுந்து விரையும் வேகமும் அவருக்கு வாய்த்திருந்தன. ‘கறுப்பு மான்’ எனப் பொருள்படும் வங்கப் பெயரில் அவரைப் பற்றி விவரணப் படம் ஒன்று 1998இல் வெளிவந்தது. 1999ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிரான போட்டி தொடங்கிய பன்னிரண்டாவது வினாடியிலேயே அவர் கோல் அடித்தார். சர்வதேச உதைபந்தாட்டத்தில் மிக விரைவாக அடிக்கப்பட்ட கோல்களுள் அதுவும் ஒன்று.

புகழும் நிச்சயமின்மையும்

பொலிஸ் உத்தியோகம் நிரந்தரமானது. ஆயின் வருமானம் அளவானது. கல்கத்தாவின் மோகன் பாகான் கழகம் 1991இல் அழைத்தபோது, விஜயன் முன் இருந்த தெரிவு இலகுவானதன்று. நிழல் தரும் மரத்தை விட்டுத் திறந்த வெளிக்குச் செல்வது போன்ற தெரிவு அது. அவர் சென்றார். இடையில் ஒரு முறை பொலிஸ் அணிக்குத் திரும்பினாலும், தொழில்முறை ஆட்டமே அவருடைய வாழ்வாயிற்று.

பின்பு பஞ்சாபின் ஜே. சி. டி. அணி, கொச்சி நகரின் எப். சி. கொச்சின், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் எனப் பல கழகங்களுக்கு ஆடினார். 1996-97இல் நடைபெற்ற முதலாவது தேசிய உதைபந்தாட்ட லீக் போட்டியில் ஜே. சி. டி. முதலிடம் பெற்றபோது, இளம் வீரர் பாய்ச்சுங் பூட்டியாவுடன் முன்வரிசையில் நின்றவர் விஜயனே. ஆண்டின் சிறந்த இந்திய வீரர் என்ற விருது மும்முறை அவரை நாடி வந்தது.

ஆனால், இத்தொழிலின் மறுபக்கத்தையும் அவர் காணாமலில்லை. எப். சி. கொச்சின் 1997இல் மிகுந்த ஆரவாரத்துடன் தொழில்முறைக் கழகமாகத் தோன்றி, அவ்வாண்டிலேயே டியூரண்ட் கிண்ணத்தையும் வென்றது. சில ஆண்டுகளுக்குள் பணமுடை ஏற்பட்டது. வீரர்களின் சம்பளம் தடைப்பட்டது. ஈற்றில் கழகமே மறைந்தது. வென்ற கிண்ணம் ஒரு வீட்டின் அடுப்பை எரிக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விஜயனுடன் பொலிஸ் அணியில் ஆடிய சத்தியனின் முடிவு இன்னும் துயரமானது. இந்திய அணிக்கே தலைமை தாங்கிய அவ்வீரர், காலிற்பட்ட காயங்களால் நெடுங்காலம் வருந்தினார். சென்னையில் வங்கி உத்தியோகம் இருந்தும் மனச்சோர்வு அவரை விடவில்லை. 2006ஆம் ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு வீரரின் உள்ளத்தில் நேர்வதை ஊரார் அறிவதில்லை, அறிய முயல்வதுமில்லை.

ஆட்டத்திற்குப் பின்

2003ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்ற ஆபிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு கோல்கள் அடித்து, இந்தியா வெள்ளிப் பதக்கம் பெறத் துணைசெய்தபின், விஜயன் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகினார். அவ்வாண்டிலேயே அர்ஜுனா விருதும் கிடைத்தது. 2006இல் கழக ஆட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. ஏனைய தொழில்களில் ஒருவர் தலையெடுக்கும் வயது அது; உதைபந்தாட்டத்திலோ அந்திப் பொழுது.

அந்தியில் அவருக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று திரைப்படம், ஜெயராஜ் இயக்கிய ‘சாந்தம்’ என்ற மலையாளப் படத்தில் முக்கிய பாத்திரமேற்று நடித்த அவர், பின்னர் தமிழ்ப் படங்களிலும் தோன்றினார். மற்றொன்று, இளமையில் அவரை ஏற்றுக்கொண்ட அதே பொலிஸ் சேவை. மீண்டும் அதில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்திருந்தது.

நம் கரைக்கு என்ன பாடம்?

இலங்கை உதைபந்தாட்டமும் பெருமையற்றதன்று. 1995இல் கொழும்பில் நடைபெற்ற சார்க் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவையே 1-0 என வென்றது நம் நாடு. ஆனால், நிருவாகச் சிக்கல்களால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஆகஸ்ட் மாதம் வரை நீடித்தது. அலுவலக மேசையில் நிகழும் பிணக்குக்கு மைதானத்தில் நிற்கும் இளைஞனே விலை கொடுக்க நேர்கிறது.

இங்கே ஆட்டத்துடன் நிரந்தரத் தொழிலையும் தரக்கூடிய அணிகளுள் முப்படைகளினதும் பொலிஸினதும் அணிகள் முக்கியமானவை. நெடும் போரைக் கண்ட மன்னார்க் குடும்பங்கள் அவ்வாசலை நாடத் தயங்கினால், அதன் காரணம் எவருக்கும் விளங்கும். ஆகவே, நம் பிள்ளைகளுக்கு வேறு வாசல்களும் திறக்கப்பட வேண்டும். வங்கிகள், கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியன விளையாட்டு வீரருக்கு வேலை வழங்க முன்வரலாம். பயிற்சியாளர், மத்தியஸ்தர், உடற்கல்வி ஆசிரியர் ஆகிய தொழில்களும் இவ்விளையாட்டின் கிளைகளே. அவற்றை எட்டிப் பிடிக்கப் பள்ளிப் படிப்பு இன்றியமையாதது.

விஜயனுக்குப் படிப்பைத் தொடர வறுமை இடமளிக்கவில்லை. அவருடைய ஒப்பற்ற திறமையும் ஒரு நிறுவனத்தின் ஆதரவும் அக்குறையை ஈடுசெய்தன. அத்தகைய பேறு ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கும். எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் படிப்பே துணை.

இந்தக் கால்களை நம்பிச் சீவிக்க முடியுமா என்ற பெற்றோரின் கேள்விக்கு விடை இதுதான். சில ஆண்டுகள் சீவிக்கலாம். முழு ஆயுளும் சீவிக்க, கால்களுடன் வேறொன்றும் வேண்டும். அதற்காகப் பிள்ளையின் பந்தைப் பறித்து ஒளித்து வைக்கவேண்டியதில்லை. பந்தும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும். காற்று மாறும் காலத்தை முன்கூட்டியே கணித்துப் பாயை அமைக்கத் தெரிந்தவர்கள் நம் கரையோர மக்கள். அந்த மதியைத் தம் பிள்ளைகளின் விளையாட்டு விடயத்திலும் அவர்கள் காட்டுவார்களாக.