கைகள் சொன்ன கதை

கதை சொல்ல நா வேண்டும் என்றே எண்ணியிருந்தேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குக் கைப்பேசியில் கதைப்படம் எடுக்கக் கற்பிக்கச் சென்றேன். முதல் நாள் ஒரு சிறுவன் தன் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னான். அவன் முகத்தை மட்டும் அழகாகப் படம் பிடித்தேன். போட்டுக் காட்டியதும் அம்முகம் வாடிற்று. கதையெல்லாம் கைகளில் இருந்தது. நானோ கைகளை வெட்டிவிட்டேன்!

சைகைமொழியில் கை சொல்லைத் தரும். முகம் இலக்கணத்தைத் தரும். 'ஆமா, இல்லையா' என்ற வினாவைப் புருவ உயர்வே உணர்த்திவிடும். ஆகவே இடுப்பு முதல் தலைக்குமேல் ஒரு சாண் வரை படத்தில் அடங்க வேண்டும். வெளிச்சம் முன்னிருந்து விழ வேண்டும். பின்னால் ஒரே நிறத் துணி போதும். இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2018-இல் வெளியிட்ட அகராதியில் 3,000 சொற்கள் உண்டு. ஆட்டுக்குட்டிக்கு அவன் இட்ட சைகைப் பெயர் எந்த அகராதியிலும் இராது.

மறுநாள், நான் நிறுத்திய கைப்பேசியை அவனே இரண்டடி பின்னால் நகர்த்தி வைத்தான்.