பெயர் மாறும், எண் மாறாது

கடலில் செல்லும் மீன்பிடிக் கப்பலைப் பெயர் கொண்டு அறியலாம் என்பது பலரது எண்ணம். பெயரோ முகப்பில் தீட்டிய வண்ணம். ஓரிரவில் அழித்து எழுதிவிடலாம். இலக்கணத்தார் கூறும் இடுகுறிப் பெயரேனும் வழிவழியாக நிலைத்து நிற்பது; கள்ளக் கப்பலின் பெயருக்கு அவ்வாயுளும் இல்லை.

'தண்டர்' என்னும் கப்பலை ஈண்டுச் சான்றாகக் காட்டலாம். 1969இல் நார்வேயில் கட்டப்பெற்ற இக்கப்பலின் நீளம் சுமார் 61 மீட்டர். 'ரூபின்', 'டைபூன் 1', 'குகோ' எனப் பல பெயர்களைப் பூண்டது, கொடிகளையும் மாற்றிக்கொண்டது. ஆயினும் அதன் ஐ.எம்.ஓ. எண் 6905408 மாறவில்லை. ஒரு கப்பலுக்கு வழங்கிய எண் பிறிதொன்றிற்கு வழங்கப்படுவதில்லை.

அவ்வெண்ணிலேயே ஒரு காவலும் உண்டு. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், 42+54+0+20+12+0 = 128. கூட்டுத்தொகையின் இறுதி இலக்கமாகிய 8 எண்ணின் ஏழாம் இலக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். மனம்போனபடி புனைந்த எண் பெரும்பாலும் இச்சோதனையில் தோற்கும். மாணவர் தாளெடுத்துச் செய்து பார்க்கலாம். பதிவேட்டிலுள்ள நீளம், கட்டிய ஆண்டு, உடலமைப்பு ஆகியவற்றைப் புகைப்படத்தோடு ஒப்பிடுவதும் வழக்கம். கப்பலின் இருப்பிடத்தை வானொலி அலையில் அறிவிக்கும் கருவியும் உண்டு. களவு செய்வோர் அதனை அணைத்துவிடுவர் என்பதே குறை.

அண்டார்க்டிக் கடல்வளப் பாதுகாப்பு ஆணையம் 2006இல் 'தண்டரை'க் கரும்பட்டியலில் சேர்த்தது. அங்குத் தடைசெய்யப்பட்ட செவுள்வலை கொண்டு 'டூத்ஃபிஷ்' என்னும் விலைமிக்க மீனைக் கவர்ந்ததே குற்றம். 2013இல் இன்டர்போல் அறிவிப்பு விடுத்தும் அது பிடிபடவில்லை. 2014 டிசம்பர் 17 அன்று 'சீ ஷெப்பர்ட்' இயக்கத்தின் 'பாப் பார்க்கர்' கப்பல் அதனைத் தென்கடலில் கண்டு 110 நாள்கள் விடாது பின்தொடர்ந்தது. அது விட்டுச்சென்ற சுமார் 72 கிலோமீட்டர் வலையைத் துணைக்கப்பல் 'சாம் சைமன்' வாரியெடுத்தது. 2015 ஏப்ரல் 6 அன்று ஆப்பிரிக்காவின் சாவோ தோமே அருகே 'தண்டர்' மூழ்கியது. அதிலிருந்த 40 பேரையும் துரத்தி வந்தவர்களே காப்பாற்றினர்! மூழ்குமுன் உள்ளே சென்று பார்த்தவர்கள், அடைத்திருக்க வேண்டிய கதவுகள் திறந்து கட்டப்பட்டிருந்ததைக் கண்டனர்.

அதே ஆண்டு அக்கப்பல் தலைவரும் பொறியாளர் இருவரும் சாவோ தோமேயில் தண்டனை பெற்றனர். எண் மரக்கலத்தைக் காட்டும், முதலாளியைக் காட்டாது. பெயரளவு நிறுவனங்களின் பின்னே மறைந்திருந்த உரிமையை ஆராய்ந்து, ஸ்பெயின் அரசு அந்நாட்டு வணிகர் ஒருவருக்கு 80 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதிக்க 2018ஆம் ஆண்டு வரை ஆயிற்று.