தரவு தொலைந்ததா, பதிவு விடுபட்டதா?

மாணவர்களே, ஹைவ் என்பது பேஸ்புக் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட தரவுக் களஞ்சிய மென்பொருளாகும். இதில் தரவுகள் கோப்புறைகளிலும், அக்கோப்புறைகள் பற்றிய விபரம் மெற்றாஸ்ரோர் எனும் தனித் தரவுத்தளத்திலும் சேமிக்கப்படும்.

பிரச்சினை: நாள்வாரியாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையொன்றினுள் ‘நாள்=2024-05-01’ எனும் கோப்புறையை நேரடியாகப் பிரதிசெய்தால், அத்தரவு வினவலில் தோன்றாது.

காரணம்: மெற்றாஸ்ரோரில் அதன் பதிவு இல்லை. நூலக இறாக்கையில் புத்தகம் இருந்தும் பட்டியலில் இல்லாதது போன்றதே இது.

தீர்வு:
1. கோப்புறை உள்ளதா எனப் பாருங்கள்.
2. ‘ஷோ பார்ட்டிஷன்ஸ்’ கட்டளையால் பதிவைச் சரிபாருங்கள்.
3. பதிவு இல்லையெனின் ‘எம்எஸ்சிகே ரிப்பெயார் டேபிள்’ கட்டளையை அட்டவணையின் பெயருடன் வழங்குங்கள்.

கவனிக்க: தரவு தொலைந்ததென எண்ணி அதனை மீண்டும் சேர்த்தால், ஒரே தரவு இருமுறை எண்ணப்பட்டுக் கூட்டுத்தொகை பிழையாகலாம்.