1833: தீவு முழுவதும் ஒரே கணக்கில்

கொலோனில் நடக்கும் எமது கூட்டங்களில் 1833 என்ற ஆண்டு அடிக்கடி சொல்லப்படும். "அன்றுதான் வெள்ளைக்காரன் எங்களைச் சிங்களவரோடு சேர்த்துக் கட்டினான்" என்பதோடு பேச்சு வேறு விடயத்துக்குப் போய்விடும். ஏன் கட்டினான் என்று பிள்ளைகள் கேட்டால் பலரிடம் பதில் இல்லை.

முதற் காரணம் பணம். கரையோரம் 1796இல் ஆங்கிலேயர் வசமானது. 1815இல் கண்டியும் போனது. ஆனால் அதற்குத் தனி நிர்வாகம் தொடர்ந்தது. இரண்டு நிர்வாகம் என்றால் இரட்டிப்பு உத்தியோகத்தர், இரட்டிப்புச் சம்பளம். வரவு செலவுக்குப் போதவில்லை. இதை ஆராய லண்டன் அனுப்பிய கோல்புறூக் 1829இல் வந்தார், கமரன் அடுத்த ஆண்டு வந்தார். அவர்களுடைய சிபாரிசுப்படி 1833 ஒக்டோபரில் தீவு ஐந்து மாகாணங்களாகி, கொழும்பின் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தது. அரசின் கறுவா ஏகபோகமும் அதே ஆண்டில் முடிந்தது.

இனி, நாங்கள் கவனிக்காத ஒன்று. அந்த வரைபடத்தில் துண்டாடப்பட்டது கண்டி இராச்சியம். கண்டியரின் தனித்துவத்தைக் கரைப்பதும் ஆங்கிலேயரின் நோக்கம். அதனால் அநுராதபுரம் அடங்கிய நுவரகலாவிய வடமாகாணத்தோடும், தமன்கடுவ கிழக்கோடும் சேர்க்கப்பட்டன. 1833 வரைபடத்தைத் தமிழர் தாயக எல்லையாகக் காட்டுபவர்கள் இதை அறிந்துதான் காட்டவேண்டும். அது நிர்வாகக் கோடு. நுவரகலாவிய 1873இல் வடமத்திய மாகாணமாகப் பிரிந்துபோனது.

எங்களுக்கு நட்டம் வந்தது வேறு பக்கத்தால். அதே சீர்திருத்தத்தில் 15 பேர் கொண்ட சட்டநிரூபண சபை உருவானது. ஒன்பது பேர் அரச உத்தியோகத்தர். மற்ற ஆறில் மூன்று ஐரோப்பியருக்கு. சிங்களவர், தமிழர், பறங்கியருக்கு ஆளுக்கு ஒன்று. எல்லோரும் தேசாதிபதியின் நியமனம். ஒன்றுக்கு ஒன்று என்றபடியால் எங்கள் பெரியவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் வரியும் சட்டமும் கொழும்பில் ஓரிடத்தில் குவிந்துவிட்டன. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்து தலை எண்ணத் தொடங்கியபோது, அந்த ஒரே இடம் யார் கைக்குப் போகும் என்பது தெளிவாகிவிட்டது.

இன்னொன்று. கொலோன் அன்று பிரஷ்யாவின் நகரம். அதே 1833இல் பிரஷ்யாவும் பவேரியா, சக்சனி முதலிய அரசுகளும் சுங்க ஒன்றியத்துக்கு உடன்பட்டன. அவரவர் மன்னரும் நிர்வாகமும் அப்படியே இருந்தன. சுங்க வருமானத்தைச் சனத்தொகைப்படி பங்கிட்டார்கள். ஒவ்வோர் அரசும் பேரம்பேசித்தான் கையொப்பமிட்டது. எங்கள் தீவில் கையொப்பமிட எவரையும் அழைக்கவில்லை.