எம்.சி.ஏ. இப்போது இரண்டு வருடம்: விட்டுப்போன முதல் வருடத்தை வீட்டிலேயே படிக்கலாம்

"பெண் பி.காம். முடித்துவிட்டாள். எம்.சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். அதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். கல்லூரி திறக்கும் வரை அவள் என்ன செய்ய வேண்டும்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் எழும் கேள்வி இது. கல்லூரி திறந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றுதான் பலரும் இருந்துவிடுகிறார்கள். முன்பு இது சரியாக இருந்தது. இப்போது இல்லை. காரணத்தைப் பார்ப்போம்.

மூன்று இரண்டானது

எம்.சி.ஏ. பல ஆண்டுகளாக மூன்று வருடப் படிப்பாக, ஆறு செமஸ்டர்களுடன் இருந்தது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு, முதல் வருடத்தில் சி மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர், கணிதம் போன்ற அடிப்படைகளைத் தொடக்கத்திலிருந்து சொல்லித் தருவார்கள். பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இவற்றை ஏற்கனவே படித்திருப்பார்கள். எனவே அவர்கள் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர 'லேட்டரல் என்ட்ரி' வசதி இருந்தது.

2020-21 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பு எம்.சி.ஏ. படிப்பை இரண்டு வருடமாகக் குறைத்தது. ஒரு வருடக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் மிச்சம். ஆனால் குறைந்தது எந்த வருடம் என்பதைக் கவனியுங்கள். எளிமையாகச் சொன்னால், எல்லோருமே இப்போது லேட்டரல் என்ட்ரி மாணவர்கள்தான். வேறு பாடம் படித்து வருபவர்களுக்கு 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்ற இணைப்புப் பாடங்கள் உண்டு. ஆனால் ஒரு வருடத்தில் ஊறிய விஷயத்தைச் சில வாரங்களில் நடத்தும்போது வேகம் தாங்காமல் அரியர் வைப்பவர்கள் உண்டு. அந்த முதல் வருடத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே படித்துவிட முடியும்.

யார் சேரலாம்?

பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சார்ந்த பட்டம் பெற்றவர்கள் சேரலாம். பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. முடித்தவர்கள் பிளஸ் 2 அல்லது பட்டப் படிப்பில் கணிதம் படித்திருந்தால் சேரலாம். 50 சதவீத மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் போதும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்துவிடவும்.

தமிழ்நாட்டில் கவுன்சலிங் மூலம் சேர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2 மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்பதால் கண்ணை மூடிக் கொண்டு டிக் செய்யக் கூடாது. என்.ஐ.டி. நிறுவனங்களில் எம்.சி.ஏ. சேர 'நிம்செட்' என்ற தனித் தேர்வு உள்ளது. வேலை பார்த்துக் கொண்டே படிக்க விரும்புபவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியில் எம்.சி.ஏ. நடத்துகிறது.

பி.இ. முடித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் எம்.இ. அல்லது எம்.டெக். சேர 'கேட்' தேர்வு எழுதலாம். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதன் ஸ்கோர் 3 ஆண்டுகள் செல்லும். கேட் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழு நேரம் படிப்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கேட் எழுதாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 முதல் 'சீட்டா' என்ற தேர்வு நடக்கிறது.

டேட்டா ஸ்ட்ரக்சர் ஏன் பயமுறுத்துகிறது?

புதியவர்கள் அதிகம் திணறும் பாடம் இதுதான். பெயர்தான் பெரிது, விஷயம் நமக்குத் தெரிந்தது. தகவல்களை எப்படி அடுக்கி வைத்தால் எளிதாக எடுக்கலாம் என்பதே இந்தப் பாடம்.

ஓர் உதாரணம். 10 லட்சம் வாக்காளர் பெயர்கள் வரிசை இல்லாமல் இருக்கின்றன. ஒரு பெயரைத் தேட முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியில் இருந்தால் 10 லட்சம் முறை ஒப்பிட வேண்டியிருக்கும். இப்போது அதே பெயர்களை அகர வரிசையில் அடுக்குங்கள். நடுவில் உள்ள பெயரைப் பாருங்கள். நாம் தேடும் பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தெரிந்துவிடும். பாதியை ஒதுக்கிவிடலாம். மீதி 5 லட்சம். மறுபடியும் நடுவில் பார்த்தால் மீதி இரண்டரை லட்சம். இப்படிப் போனால் அதிகபட்சம் 20 முறை ஒப்பிட்டாலே போதும்!

கம்ப்யூட்டர் அதேதான், வேகம் கூடியது நாம் அடுக்கிய விதத்தால். இது 'பைனரி சர்ச்' எனப்படும். முதுநிலைக் கம்ப்யூட்டர் படிப்பின் உயிர்நாடி இப்படிப்பட்ட சிந்தனைதான். வேர்டு, எக்ஸெல் நன்றாகத் தெரிந்திருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

கம்ப்யூட்டரைத் தயார் செய்திடுங்கள்

இதற்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. சி புரோகிராம் எழுதிப் பழகப் பழைய கம்ப்யூட்டரே போதும். புதிதாக வாங்குபவர்கள் 8 ஜிபி ராம் இருக்குமாறு பார்த்துக் கொள்ளுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 'கோட் பிளாக்ஸ்' என்ற இலவச சாப்ட்வேரை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்திடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்தில் பல பைல்கள் இருக்கும். பெயரில் எம்.ஐ.என்.ஜி.டபிள்யூ. என்ற ஆங்கில எழுத்துகள் உள்ள செட்அப் பைலையே தேர்ந்தெடுங்கள். அதில்தான் நாம் எழுதும் புரோகிராமை இயங்கும் வடிவத்திற்கு மாற்றும் 'கம்பைலர்' சேர்ந்து வரும். மற்றதை எடுத்தால் புரோகிராமை டைப் செய்யலாம், ஓட்ட முடியாது.

பழைய புத்தகங்கள் 'டர்போ சி' பயன்படுத்தச் சொல்லும். அது டாஸ் காலத்து சாப்ட்வேர். இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. இன்னொரு வேறுபாடும் உண்டு. டர்போ சியில் சாதாரண முழு எண்ணுக்கு 32,767 வரைதான் இடம். அதில் ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32,768 என்று விடை வரும்! புத்தகத்தில் உள்ள விடையும் உங்கள் திரையில் வருவதும் வேறுபட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் சி மொழி. தினமும் ஒரு மணி நேரம், ஒரு புரோகிராம். லூப், அர்ரே, பங்ஷன், பாயின்டர் வரை வந்துவிடுங்கள். பாயின்டர் முதலில் புரியாது. பரவாயில்லை, இரண்டாவது மாதத்தில் புரியும்.

இரண்டாவது மாதம் டேட்டா ஸ்ட்ரக்சர். ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட் ஆகியவற்றை முதலில் நோட்டில் கட்டம் போட்டு வரைந்து, பிறகு புரோகிராமாக எழுதுங்கள்.

மூன்றாவது மாதம் காலையில் கணிதம் (செட், லாஜிக், நிகழ்தகவு), மாலையில் டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல்.

பாடங்களை விளக்கும் வீடியோக்களுக்கு 'என்பிடெல்' தளத்தைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பார்க்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம்.

எழுதும் புரோகிராம்களை ஒரே போல்டரில் சேர்த்து, வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். இந்தப் பழக்கம் கடைசி செமஸ்டர் புராஜக்ட் வேலையின்போது உங்களைக் காப்பாற்றும்.

ஏ.ஐ. எழுதித் தருமே?

உண்மைதான். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் நொடியில் புரோகிராம் வந்துவிடும். ஆனால் செமஸ்டர் தேர்வில் உங்கள் கையில் பேனா மட்டும்தான் இருக்கும். எனவே முதலில் நீங்களே எழுதுங்கள். பிழை வந்தால் இருபது நிமிடம் போராடிப் பாருங்கள். அதன் பிறகு, "இந்தப் பிழைக்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேளுங்கள். விடையைக் கேட்காதீர்கள்.

மூன்று மாத முடிவில் ஒரு சோதனை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, லிங்க்டு லிஸ்டில் ஒரு தகவலைச் சேர்க்கும் புரோகிராமை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பிறகு அதை அப்படியே டைப் செய்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு பிழைகளுடன் ஓடிவிட்டால் தைரியமாகக் கல்லூரிக்குப் போகலாம். மூன்று மாதமும் முயன்று, இந்த வேலையே பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான். கட்டணம் கட்டிய பிறகு தெரிவதைவிட, வீட்டு மேஜையில் தெரிவது மேல் அல்லவா?